பின் சீட்டில் இருந்த இரண்டு பேர்

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமலே ஒரு மூலையில் போட்டிருப்பாய். என்றைக்காவது பிரித்தால், முதலில் ஒன்று: இங்கே எல்லாரும் நலம். அப்பா போனதிலிருந்து மூன்று வருஷமாக நீ என்னோடு பேசவில்லை. அந்தச் சண்டையைத் தீர்க்கவும் இதை எழுதவில்லை. உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடு.

சிரிப்பு வந்தால் சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

என் வீட்டுக்காரிக்கு மலை மேல் இருக்கிற அணைக்கட்டில் தலைமைப் பொறியாளர் வேலை கிடைத்திருக்கிறது. இதற்கு முன்பும் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அங்கே ரயில் போகாது, சாலை மட்டும்தான். அதனால் இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள், எனக்காக. இந்தத் தடவை என்னைக் கேட்கவே இல்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டே, "ஜூன்ல போறேன். நீங்க வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அதைக்கூடப் பேசிப் பேசித் தள்ளிப்போட்டிருப்பேன். போன வாரம் குட்டியின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பு மொத்தமும் பஸ்ஸில் சுற்றுலா போகிறதாம், இவள் மட்டும் வரமாட்டேன் என்கிறாளாம். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்க வீட்ல அம்மா போவாங்க. நானும் அப்பாவும் கார், பஸ்ல எல்லாம் போக மாட்டோம்" என்றிருக்கிறாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. எங்களுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று சொல்வதுபோலச் சொன்னாளாம். அவள் நம் விபத்தைப் பார்த்தவளில்லை. நம் அம்மாவையே போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். நான் பல் மருத்துவன் ஆனது ஏன் தெரியுமா? அந்தக் கல்லூரிதான் ரயில் நிலையத்துக்கு எதிரில் இருந்தது. மற்றதற்கெல்லாம் பஸ் ஏற வேண்டும். கீழே கிளினிக், மேலே வீடு. காலையில் படி இறங்கினால் வேலை, சாயங்காலம் படி ஏறினால் குடும்பம். இதையெல்லாம் நானே தேர்ந்தெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்த அந்த வளைவுதான் எனக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை வரும், அதனால் கடிதம். இங்கே டிரைவிங் ஸ்கூல் இல்லையா என்று கேட்காதே. இருக்கிறது. அதன் முதலாளியின் கடைவாய்ப் பல்லை நான்தான் பிடுங்கினேன், சுலபமாக வரவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை.

தம்பி

பிப்ரவரி 11

டேய்,

பிரிச்சேன். ரெண்டு நாள் கழிச்சு.

சண்டையைத் தீர்க்க எழுதலன்னு சொல்லிட்ட. நல்லது. அப்போ நான் சொல்றதையும் கேட்டுக்கோ. அப்பா போன அன்னிக்கு உன்னைக் கூட்டிட்டு வர ஸ்டேஷனுக்கு என் காரையே அனுப்பினேன். எங்கிட்ட வேலை பார்க்கிறதிலேயே நிதானமா ஓட்டற பையனைத்தான் அனுப்பினேன். அவன் காலியா திரும்பி வந்தான். "டாக்டர் நடந்து வர்றாராம்"னான். வந்தவங்க எல்லாரும் உன் தம்பி எங்கே, உன் தம்பி எங்கேன்னு கேட்டாங்க. நடந்து வந்துட்டு இருக்கான்னு எப்படிச் சொல்றது? ரயில் லேட்டுன்னு சொன்னேன். எல்லாம் முடிஞ்சு, வாடகை நாற்காலியை அடுக்கிட்டு இருந்தப்போ நீ வந்த. செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசல்ல நின்ன. அப்பா முகத்தைப் பார்க்காம அனுப்பிட்டோமேன்னு உனக்கு இருக்கும். எனக்கு, அவரை அனுப்பி வைக்கறப்போ என் பக்கத்துல கூடப் பிறந்தவன் இல்லையேன்னு.

சரி. சொல்லிட்டேன். இனி பாடம்.

பயந்தவங்களைத்தான் என் டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்புவாங்க. தைரியசாலிங்க எல்லாம் வேற இடத்துக்குப் போய் மோதிக்குவாங்க. அதனால உன்னைப் பார்த்து எனக்கு ஒண்ணும் மலைப்பு இல்ல. இன்ஜினியர் காரை ஷெட்ல நிறுத்துவா இல்லையா, அதுல போய் டிரைவர் சீட்ல உட்காரு. சாவி அவகிட்டயே இருக்கட்டும். கதவு திறந்தே இருக்கட்டும். உட்கார்ந்து பேப்பர் படி. நெஞ்சு அடிச்சுக்கிட்டா இறங்கிடு, வெட்கப்படாதே. மறுநாள் மறுபடி ஏறு. கதவைச் சாத்திக்கிட்டு முழுப் பேப்பரையும் படிச்சு முடிக்கிற அன்னிக்கு எழுது. அதுக்கு முன்னாடி எழுதாதே.

அக்கா

பிப்ரவரி 26

அக்கா,

படித்து முடித்தேன். ராசிபலன் வரைக்கும்.

முதல் நாள் கதவின் கைப்பிடியைத் தொட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. என் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்களிடம் தினமும், "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது, வாயைத் திறங்க" என்று சொல்கிறவன் நான். அது எவ்வளவு பயனில்லாத வார்த்தை என்று இப்போதுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் அதைச் சொல்வதில்லை. வேண்டுமானால் எழுந்து போகலாம், கதவு திறந்துதான் இருக்கிறது என்கிறேன். இதுவரை யாரும் எழுந்து போகவில்லை.

நான்காவது நாள் குட்டி படியில் இறங்கி வந்து பார்த்தாள். "என்னப்பா பண்றீங்க?" என்றாள். உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். உலகத்தில் அதைவிடச் சாதாரணமான காரியம் இல்லை என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, ஷெட் வாசலிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத ஆரம்பித்தாள். இப்போது தினமும் வருகிறாள்.

நீ எழுதியதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு ஸ்டேஷனில் உன் பையன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். நான் உள்ளே குனிந்தேன். சீட் உறையின் வாசனை அடித்தது. அதற்கப்புறம் பிளாட்பாரத்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம். நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று தெரியும். தெரிந்துதான் நடந்தேன். பாதி வழி ஓடினேன். நடந்து வந்ததற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன் அக்கா. வேறு எந்த வழியிலும் அன்றைக்கு என்னால் வந்திருக்க முடியாது. இதை நீ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றுகூட இல்லை, தெரிந்துகொண்டால் போதும்.

நீ தனியாக நின்றாய் என்பது மட்டும் எனக்கு உன் கடிதம் வரும்வரை தோன்றவே இல்லை. என் நடையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அடுத்த பாடம் அனுப்பு. ஜூன் ஒன்றும் எனக்காகக் காத்திருக்காது.

தம்பி

மார்ச் 5

டேய்,

நீ ஓடினது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லல. சரி, அதை அப்புறம் பார்ப்போம்.

ராசிபலன்ல என்ன போட்டிருந்துச்சு?

இனிமே சாவி. இன்ஜினியரைப் பக்கத்துல உட்கார வை. அவ வாயைத் திறக்கக்கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு. பொண்டாட்டிக்குப் புருஷனும் புருஷனுக்குப் பொண்டாட்டியும் ஓட்டக் கத்துக்கொடுத்து என் கண் முன்னாடியே ரெண்டு குடும்பம் பிரிஞ்சு போயிருக்கு. கட்டடம், மரம், ஆடு மாடு எதுவும் இல்லாத மைதானமா பார்த்து அவளையே ஓட்டிட்டு வரச் சொல்லு. நீ நடந்தே போய்ச் சேரு, பரவாயில்ல. அங்கே சீட் மாத்திக்கோங்க.

கிளட்ச்சை முழுசா அழுத்தி முதல் கியர் போடு. அப்புறம் கிளட்ச்சை மெதுவா விடு. வண்டி ஒரு தடவை மூச்சு இழுக்கற மாதிரி லேசா நடுங்கும். அங்கே காலை நிறுத்து. அந்த நடுக்கம் உன்னோடது இல்ல, வண்டியோடது. இதைப் புரிஞ்சுக்காமதான் பாதிப் பேர் பயந்து காலை எடுத்து வண்டியை அணைச்சுடறாங்க.

கடைசியா ஒண்ணு, இதுதான் எல்லாத்தையும்விட முக்கியம். என்ன ஆனாலும் ஸ்டியரிங்கை விடாதே. பின்னாடி எவன் ஹாரன் அடிச்சாலும் சரி, எதிர்ல மலையே சரிஞ்சு வந்தாலும் சரி, கை ஸ்டியரிங்கை விட்டு வரக்கூடாது. எங்கிட்ட கத்துக்கிட்ட அத்தனை பேருக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்வேன். ஏன்னு யாருக்கும் சொன்னதில்ல. உனக்குச் சொல்றேன்.

நான் அப்பாவுக்குப் பின்னாடி உட்கார்ந்திருந்தேன். வளைவுல லாரி நம்ம பக்கம் வந்துச்சு. அப்பா ரெண்டு கையையும் ஸ்டியரிங்ல இருந்து எடுத்துட்டார். நான் பார்த்தேன். ஸ்டியரிங் தானா சுத்துச்சு. அப்போ எனக்குப் பன்னண்டு வயசு, கார் எப்படி ஓடும்னே தெரியாது, ஆனா இது தப்புன்னு தெரிஞ்சுது. பெரியவளானதும் ஸ்டியரிங் என் கையிலதான் இருக்கணும், வேற யார் கையிலயும் இருக்கக்கூடாதுன்னு அன்னிக்கே ஆஸ்பத்திரியில முடிவு பண்ணிட்டேன். அப்பாவை நான் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டேன். ஒடிஞ்ச கை அவருக்கு மடங்காது, தினம் சட்டைப் பட்டனை நான்தான் போட்டுவிடுவேன். ஒவ்வொரு பட்டனும் போடறப்போ, ஏன் கையை எடுத்தீங்கன்னு மனசுக்குள்ள கேட்பேன்.

நீ எடுக்காதே.

அக்கா

மார்ச் 17

அக்கா,

மைதானத்தில் வண்டி ஓடியது. ஓடியது என்றால், ஒன்பது தடவை நின்றது, பத்தாவது தடவை ஒரு கிழவர் நடக்கிற வேகத்தில் போனது. நீ சொன்ன நடுக்கம் வந்தது. நல்லவேளை சொல்லி வைத்தாய், இல்லாவிட்டால் கதவைத் திறந்து குதித்திருப்பேன். உன் இன்ஜினியர் வாயைத் திறக்கவில்லை. மூச்சுவிட்டாளா என்பதே சந்தேகம். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

இது பாடத்துக்குப் பதில். இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

உன் கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாள் கிளினிக்கில் வேலை ஓடவில்லை. நீ அப்பாவுக்குப் பின்னால் இருந்தாய். நான் அம்மாவுக்குப் பின்னால் இருந்தேன். அப்பா கையை எடுத்ததை நானும் பார்த்தேன். அந்தக் கைகள் எங்கே போயின என்பது உன் பக்கத்திலிருந்து தெரிந்திருக்காது. அவருடைய தோளும் சீட்டும் மறைத்திருக்கும்.

அவர் அம்மா பக்கம் முழுசாகச் சாய்ந்தார். ஒரு கையை அம்மாவின் மார்புக்குக் குறுக்கே, கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதுபோல நீட்டினார். இன்னொரு கையால் அவள் தலையைத் தன் பக்கம் இழுத்தார். அந்தக் காலத்துக் காரில் பெல்ட் கிடையாது. அவர் கையைத்தான் பெல்ட்டாகப் போட்டார். எனக்கு எட்டு வயசு, ஆனால் இது மட்டும் ஒரு படம் மாதிரி நிற்கிறது. வேறெதுவும் சரியாக ஞாபகமில்லை. சத்தம், பெட்ரோல் வாசனை, அவ்வளவுதான்.

அந்தக் கை ஏன் மடங்காமல் போனது? ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாலோ முகத்தை மூடியிருந்தாலோ எலும்பு அந்த இடத்தில் முறியாது. இதை மருத்துவனாகவே சொல்கிறேன்.

ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீதானே அவரோடு இருந்தாய். அவர் சொல்லியிருப்பார், அதனால்தான் நீ தைரியமாக இருக்கிறாய், எனக்குத்தான் அந்தத் தைரியம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் அந்த நாளைப் பற்றி யாருமே பேசியதில்லை, இல்லையா? ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறோம்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள். நீ தினமும் மாணவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்காருகிறாய். உன் ஸ்கூல் கார்களில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் வைத்திருப்பாய். உன் காலுக்குக் கீழே பிரேக் இல்லாமல், வேறொருவர் ஓட்டுகிற வண்டியில், அந்த நாளுக்குப் பிறகு என்றைக்காவது உட்கார்ந்திருக்கிறாயா?

தம்பி

ஏப்ரல் 22

டேய்,

பதில் எழுத நாளாச்சு. உன் லெட்டரை ஸ்கூல்ல வச்சுப் படிச்சேன். அது தப்பு. அன்னிக்கு மிச்ச கிளாஸை எல்லாம் மத்தவங்ககிட்ட விட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். ஸ்கூல் ஆரம்பிச்சதுல இருந்து அப்படி வந்ததே இல்ல.

நான் அப்பாகிட்ட ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டிருக்கேன். எனக்கு லைசன்ஸ் கிடைச்ச அன்னிக்கு. "ஏம்ப்பா ஸ்டியரிங்கை விட்டீங்க?" அவர் மடங்காத கையைத் தடவிக்கிட்டார். அப்புறம், "அவ இருந்தா, அதான்"னார். நான் அதை வேற மாதிரி எடுத்துக்கிட்டேன். அம்மா பக்கத்துல இருந்து ஏதோ பேசி அவர் கவனத்தைக் கலைச்சுட்டாங்கன்னு சொல்றார்னு நினைச்சேன். செத்தவங்க மேல பழியைப் போடறாரேன்னு அன்னிக்கு வந்த கோபம்தான். அதுக்கப்புறம் கேட்கவே இல்ல. அவரும் சொல்லவே இல்ல.

அவர் சொன்னது அவ்வளவு நேரான பதில்டா. அவ இருந்தா, அதான்.

ஓட்டுறவளா ஒண்ணு சொல்றேன். அந்த வளைவுல நான் எத்தனையோ தடவை போயிருக்கேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தடுப்புச் சுவர். லாரி அப்படி வந்தா, நானே ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தாலும் போறதுக்கு இடம் கிடையாது. இது எனக்கு ரொம்ப வருஷமா தெரியும். தெரிஞ்சும் கோபம் போகல. கோபத்தை வச்சுத்தான் ஒரு ஸ்கூலே கட்டியிருக்கேன், அது எப்படிப் போகும்? இப்போ அந்தக் கோபத்தை எடுத்துட்டாலும் ஸ்கூல் விழாம நிக்குது. அதைப் பார்த்துட்டேன். ஒரு மாசமா அதைத்தான் பார்த்துட்டு இருந்தேன். நல்லாத்தான் ஓடுது.

ஸ்டியரிங்கை விடாதேன்னு இப்பவும் சொல்லிக்கொடுக்கிறேன். அது சரியான பாடம்தான். குரல்தான் கொஞ்சம் மாறியிருக்குன்னு ஆபீஸ் பொண்ணு சொல்றா.

நீ கேட்ட கேள்வி. இல்ல, உட்கார்ந்ததில்ல. ஒருத்தர் என்னைக் கல்யாணம் பண்ணிக்கறேன்னு கேட்டார், உனக்குத் தெரியாது. நல்ல மனுஷன். அவர் ஓட்ட, நான் பக்கத்துல உட்கார்ந்து ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்துச்சு. தெருமுனை தாண்டல, இறங்கிட்டேன். ஒத்துவராதுன்னு சொல்லிட்டேன். அவர் தன்மேல என்ன குறைன்னு கேட்டுக்கிட்டே இருந்தார், பாவம். ஒரு குறையும் இல்ல.

உன் லைசன்ஸ் வந்துடுச்சுன்னு இன்ஜினியர் போன்ல சொன்னா. ரிவர்ஸ் எடுக்கறப்போ மட்டும் கண்ணை மூடிக்கறியாம். அதை நிறுத்து.

மலைக்குக் குடி போற அன்னிக்கு நான் வரேன். ரயில்ல. என் வண்டியை எடுத்துட்டு வரல. மலைப்பாதை உனக்குப் புதுசு, நான் பக்கத்துல உட்காரறேன்.

அக்கா

ஜூன் 24

அக்கா,

நீ இங்கிருந்து கிளம்பி ஒரு வாரம் ஆகிறது. போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரிகூட இல்லை. ரயிலுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாய். குட்டி எழுந்து, அத்தை எங்கே என்று கேட்டாள். மறுபடியும் மூன்று வருஷம் ஆகிவிடுமோ என்று பயந்து நானே எழுதுகிறேன்.

மலை ஏறும்போது நடந்ததுதான் உன் கோபம் என்று தெரியும். மூன்றாவது வளைவிலிருந்தே நீ அங்கே பிரேக் இருப்பதுபோலக் கால் மிதியை அழுத்திக்கொண்டு வந்தாய். நான் பார்க்காததுபோல இருந்தேன். குட்டி உன் கைப்பை மேல் வாந்தி எடுத்தபோதும் நீ ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் அந்த மூடுபனி. வழியைத் துணி போட்டு மூடினதுபோல ஆகிவிட்டது. நான் ஓரமாக நிறுத்தி விளக்கைப் போட்டேன். நீ பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "இறங்கு, நான் ஓட்டறேன்" என்றாய்.

என் தலைக்குள் என்ன நடந்தது என்பது மட்டும் உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு நரம்பும் சொன்னது. நீ என்னைவிட நூறு மடங்கு நன்றாக ஓட்டுவாய். சாவியைக் கொடுத்திருந்தால் நால்வரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் அப்புறம் நான் ஓட்டவே மாட்டேன், அதுவும் எனக்குத் தெரியும். பின்னால் இன்ஜினியர் பக்கத்தில் குட்டி என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான், "உட்காரு அக்கா. பனி விலகற வரைக்கும் நிக்கலாம், அப்புறம் நானே ஓட்டறேன்" என்றேன். உன்னை மதிக்காமல் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நீ உட்கார்ந்தாய். பனி விலகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. குவார்ட்டர்ஸ் வந்து சேரும்வரையிலும் பேசவில்லை.

இங்கே அணைக்கட்டு ஊழியர்கள் காலனியில் ஓர் அறையைக் கிளினிக்காகக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரமில்லை. தினமும் காரில்தான் போகிறேன். ஒருநாள் ஓட்டும்போது பாட்டு முணுமுணுத்தேனாம், குட்டி சொன்னாள். இன்ஜினியர் காலையில் அணை மதகைப் பார்க்கப் போகும்போது அவள் நடையே மாறியிருக்கிறது. இரண்டு தடவை எதை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அவள் அதைச் சொல்லிக்காட்டவே இல்லை.

ஒரு வரியாவது எழுது.

தம்பி

ஜூலை 2

டேய்,

கோபம்தான். இல்லன்னு சொல்லல. என்னை வண்டியில உட்காருன்னு சொன்ன முதல் ஆள் நீ. என் ஸ்கூல்ல கத்துக்கிட்ட எவனும் அப்படிப் பேசினதில்ல, பேசியிருந்தா நடந்தே வீட்டுக்குப் போயிருப்பான். ரெண்டு நாள் உங்க வீட்டுல சிரிச்சுப் பேசினேன், உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டே இருந்துச்சு. நேத்துப் படிச்சவன் எனக்குச் சொல்றானேன்னு.

ஆனா அந்தப் பனியில வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினது சரி. நானா இருந்தா ஓட்டியிருப்பேன். ஓட்டிட்டும் போயிருப்பேன், ஒண்ணும் ஆகியிருக்காது. ஆனாலும் நீ பண்ணினதுதான் சரி. எங்கிட்ட டெஸ்ட்டுக்கு வர்றவன் அப்படிச் செஞ்சா அங்கேயே பாஸ் போட்டிருப்பேன். இதை எழுதத்தான் ஒரு வாரம் பிடிச்சுது.

பஸ் கதையைச் சொல்றேன். கோபத்துல ஏறிட்டேனே தவிர, கதவு சாத்தினதும்தான் எதுல ஏறியிருக்கேன்னு உறைச்சுது. இறங்கிடலாம்னு எழுந்தேன். பின்னாடி இருந்த ஒரு அம்மா, அவங்க பையைக் கொஞ்சம் பிடிச்சுக்கச் சொல்லி மடியில வச்சுட்டாங்க. கனமான பை. பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டேன். டிரைவர் முதுகைப் பார்த்தேன். வளைவுல எங்கே கியர் மாத்தறார்னு பார்த்துக்கிட்டே வந்தேன். ரெண்டு இடத்துல லேட்டா மாத்தினார். மத்தபடி குறை சொல்ல முடியல. மலை இறங்கி, சமவெளி வந்து, காத்து நல்லா அடிச்சுது. அவ்வளவுதான் ஞாபகம்.

கண்டக்டர் தோளைத் தட்டி, "எங்கம்மா இறங்கணும்?"னார். சொன்னேன். அது எப்பவோ போயிடுச்சேன்னார். எங்க ஊரைத் தாண்டி ரெண்டு ஊர் போயிட்டேன்டா, தூக்கத்துல. அந்த அம்மா பையை எடுத்துக்கிட்டு இறங்கினதுகூடத் தெரியல.

அங்கேயே இறங்கிக்கிட்டேன். திரும்பி வர வண்டி வர நேரமாகும்னாங்க. கடையில ஒரு டீ வாங்கிக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்தேன். பெரிய வாகைமரம், எதிர்ல ஒரு சைக்கிள் கடை, யாருக்கும் ஒரு அவசரமும் இல்ல. நல்ல ஊரா இருக்கு. இத்தனை வருஷமா அதுக்குள்ள எத்தனை தடவை வண்டி ஓட்டிட்டுப் போயிருக்கேன், ஒரு தடவைகூட இறங்கினதில்ல.

அக்கா